சியெம் என்னும் சொல்லும் நொங்க்லாவ் நாட்டின் வரலாறும்

1826ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், கிழக்கிந்தியக் கும்பினிக்கும் காசி மலைநாடுகளுள் ஒன்றாகிய நொங்க்லாவுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. கும்பினியின் சார்பில் வடகிழக்கு எல்லைப்புறத்தின் முகவராக இருந்த டேவிட் ஸ்காட்டும், மலைநாட்டின் சார்பில் திரோத் சிங்கும் அதற்கு இசைந்தனர். ஏட்சிசன் தொகுத்த உடன்படிக்கைத் தொகுதியில் காணப்படும் அதன் ஆங்கில வடிவம் திரோத் சிங்கை 'ராஜா' என்று குறிக்கின்றது. அவருடைய மக்கள் அவரைச் 'சியெம்' என்றனர். இவ்விரு சொற்களும் ஒருபொருள் குறித்தன அல்ல. ராஜா என்பவன் நாட்டுக்கு உரியவன். நாடும் அவனுக்கு உரியது. சியெம் என்பவரோ தாய்வழிக் குடி ஒன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பெற்று, அவையின் இசைவோடு மட்டும் செயற்படக் கடமைப்பட்டவர். நிலம் அவருடையதன்று, நிலவரி விதிக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. உடன்படிக்கை நிறைவேறி மூன்றாண்டுகள் முடிவதற்குள் இரு தரப்பாரும் போரில் இறங்கினர்.

ஒரு சொல்லின் பிழையான மொழிபெயர்ப்பே போரை விளைவித்தது என்று கூறுதல் மிகையாகும். நிலப்பூசல், வரி பற்றிய அச்சம், படைநடமாட்டம் முதலிய காரணங்கள் வெளிப்படையானவை. ஆயினும், அக்காரணங்கள் ஒவ்வொன்றும் 'யார் யாரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உடையவர்' என்ற வினாவிலேயே சென்று முடிகின்றன. அவ்வினாவுக்கு விடை, சியெம் என்ற சொல்லின் பொருளில் அடங்கியுள்ளது. நொங்க்லாவ் நாட்டின் வரலாற்றை அச்சொல்லின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி.

பெயர்கள் பற்றி

தமிழில் 'காசி' என்றெழுதும்போது கங்கைக் கரை நகரமே முதலில் நினைவுக்கு வரும். இங்குக் குறிக்கப்படுவது மேகாலயத்தின் நடுப்பகுதியில் வாழும் மக்களும் அவர்தம் மொழியும் ஆகும். அவர்களது பெயரின் முதலொலி மூச்சொலியோடு கூடியது. தமிழ் எழுத்து அவ்வேறுபாட்டைக் காட்டாது. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பு 1904இல் வெளியான தன் இரண்டாம் தொகுதியில் காசி மொழியை மோன்-கெமர் இனத்துள் சேர்த்தது. சுற்றிலும் இந்தோ-ஆரிய மொழிகளும் திபெத்து-பர்மிய மொழிகளும் வழங்க, நடுவே தீவுபோல் நிற்கும் ஆஸ்திரோ-ஆசிய மொழி இது.

நொங்க்லாவ் என்ற பெயரின் பிற்கூறு காடு என்று பொருள்படும் சொல். 'நொங்' என்ற முற்கூறு, ஊரைக் குறிக்கும் 'ஷ்னொங்' என்பதன் சுருக்கம் எனக் கொள்ளப்படுகின்றது. நொங்ஸ்டொயின், நொங்ஸ்பங், நொங்போ முதலிய பெயர்களிலும் இதனைக் காணலாம். பழைய ஆங்கில ஆவணங்களில் நங்க்லோ, நன்க்லோ என்றெல்லாம் இப்பெயர் திரிந்து கிடக்கின்றது. 1850இல் இம்மலைகளில் பயணம் செய்த தாவரவியல் அறிஞர் ஹூக்கரின் பயணநூலிலும் இத்தகைய வடிவமே உள்ளது. ஆவணங்களைத் தேடுவோர் இத்திரிபுகளை அறிந்திராவிடில் பாதி சான்றுகளை இழக்க நேரும்.

ஆட்சிச் சொற்கள்

காசி மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பாலறி சொல்லை முன்னே கொண்டு வரும். ஆண்பாலுக்கு 'உ', பெண்பாலுக்கு 'கா', பன்மைக்கு 'கி'. கதிரவன் பெண்பால், நிலவு ஆண்பால். ஆட்சிச் சொற்களை இவ்வகையில் நிரல்படுத்தினால் ஒரு செய்தி புலனாகும். சியெமும் மிந்த்ரியும் 'உ' ஏற்பர். நாட்டைக் குறிக்கும் 'ஹிமா', ஊராகிய 'ஷ்னொங்', அவையாகிய 'டோர்பார்' ஆகியன 'கா' ஏற்கும். இலக்கணப் பாலினின்று சமுதாய அமைப்பை நேரே வருவித்தல் ஆராய்ச்சி முறையன்று என்பதை அறிவோம். எனினும், பதவியில் இருப்பவர் ஆண், அவர் பதவிக்கு உரிமை பெறும் வழி பெண் என்ற காசி வழக்கத்தை நினைவில் நிறுத்த இது துணைசெய்யும்.

ஏனெனில், சியெமின் பதவி அவர்தம் மகனுக்குச் செல்வதில்லை. உடன்பிறந்தாருக்கோ, உடன்பிறந்தாள் மக்களுக்கோ செல்லும். நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று. ஆனால் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. காசியரிடையே குடும்பச் சொத்தின் பெரும்பகுதி 'கா கத்து' எனப்படும் கடைசி மகளைச் சேரும். தாய்மாமன் அதனை மேற்பார்ப்பவர் மட்டுமே. அரச பதவியோ, குடியினுள் உரிமையுடைய ஆண்களுள் ஒருவருக்கு, தெரிந்தெடுப்போரின் முடிவால் கிட்டும். பிறப்பு தகுதியைத் தருகின்றது. பதவியைத் தருவது தெரிவு.

யார் தெரிந்தெடுப்பர் என்பது நாட்டுக்கு நாடு மாறியது. 1907இல் வெளியான கர்டனின் 'காசியர்' என்னும் நூல் இவ்வேறுபாடுகளை நாடுதோறும் குறித்து வைத்துள்ளது. சில நாடுகளில் 'லிங்தோ' எனப்படும் பூசகக் குடித் தலைவர்களும் 'பாக்ராவ்' எனப்படும் மூத்த குடிகளின் தலைவர்களும் மட்டும் கூடி முடிவு செய்தனர். வேறு சில நாடுகளில் தெரிவோர் வட்டம் விரிந்து, பொதுமக்களின் வாக்கும் இடம்பெற்றது. பெண்வழிச் சமுதாயமாயினும் அவையில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காசி அவையை மக்களாட்சியின் முழுவடிவம் எனப் போற்றி எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

'டோர்பார்' பாரசீகச் சொல். 'மிந்த்ரி' வடசொல்லாகிய மந்திரி. 'சிர்தார்' என்பதும் வந்தேறிய சொல்லே. அரச குடியினர் பூண்ட சிங், மாணிக் முதலிய பெயர்களும் சமவெளித் தொடர்பால் வந்தவை. இவற்றைக் கொண்டு, காசியரின் ஆட்சியமைப்பே அசாமிய, வங்காள அரசுகளைப் பார்த்து அமைத்துக் கொண்டதென்று சிலர் கருதுவர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பெயர் கடன் பெறப்பட்டதால் பொருளும் கடன் பெறப்பட்டதாகாது. சமவெளி மன்னனின் தர்பார், மன்னன் முன்னிலையில் பிறர் நிற்கும் இடம். காசி டோர்பாரோ சியெமையே கட்டுப்படுத்தும் மன்றம். அடிப்படைச் சொற்களாகிய சியெம், லிங்தோ, குடியைக் குறிக்கும் 'குர்', ஊராகிய 'ஷ்னொங்' ஆகியன காசியரின் சொந்த வழக்குகளாகவே வழங்கி வருகின்றன.

சியெமின் வருவாயும் இதனை உறுதிப்படுத்தும். காசி நிலம் பொதுநிலமாகிய 'ரி ராய்ட்', குடிகளுக்கும் தனியார்க்கும் உரிய 'ரி கிந்தி' என இருவகைப்படும். இரண்டின் மீதும் சியெம் நிலவரி பெறவில்லை. எட்டு நாட்களுக்கு ஒருமுறை கூடும் சந்தைகளில் தண்டிய 'க்ரொங்' எனப்படும் சுங்கமும், வழக்குகளில் விதித்த தண்டத்தொகையுமே அவருடைய வருவாயில் முதன்மையானவை. சந்தை இல்லையேல் சியெமுக்கு வாழ்வில்லை. பின்னர் ஆங்கிலேயர் சந்தைகளை மறித்தபோது இந்நிலை எத்துணை முக்கியமானதாயிற்று என்பதைக் காண்போம்.

சாலை வேண்டி வந்தோர்

1765இல் வங்காளத்தின் திவானி உரிமையோடு சில்ஹெட் கும்பினியின் கைக்கு வந்தது. 1826 பிப்ரவரியில் பர்மியருடன் யாண்டபூ உடன்படிக்கை ஏற்பட்ட பின் பிரமபுத்திராப் பள்ளத்தாக்கும் அவர்கள் ஆளுகைக்கு உட்பட்டது. இவ்விரு நிலப்பகுதிகளுக்கும் இடையே காசி, ஜெயந்தியா மலைகள் நின்றன. ஆற்று வழியாகச் சுற்றிச் செல்ல வாரக்கணக்கில் ஆகும். மலையை ஊடறுத்துக் குவாகாத்தியிலிருந்து சில்ஹெட்டுக்கு ஒரு சாலை அமையுமானால் படையும் அஞ்சலும் விரைந்து செல்லும். இச்சாலை ஸ்காட்டின் பெருவிருப்பமாயிற்று. நொங்க்லாவின் குளிர்ச்சியைக் கண்ட அவர், நோயுற்ற ஐரோப்பியர் தங்கி உடல்நலம் தேறும் இடமாகவும் அதனை ஆக்க எண்ணினார்.

நொங்க்லாவ் நாட்டார்க்கு வேண்டியது வேறு. அவர்களது நாடு மலையின் வடசரிவில், காமரூபச் சமவெளியை நோக்கியிருந்தது. அடிவாரத்து நிலப்பகுதிகள் 'துவார்' எனப்பட்டன. அகோம் மன்னர்களுக்குத் திறை செலுத்தி, அவற்றுட் சிலவற்றைக் காசித் தலைவர்கள் துய்த்து வந்தனர். நெல்லும் உப்பும் உலர்மீனும் மலைக்கு ஏறும் வாயில்கள் அவை. பெயரும் வாயில் என்றே பொருள்படும். பர்துவார் என்னும் பகுதி நொங்க்லாவ் நாட்டாரின் கையைவிட்டுப் போயிருந்தது. அதனை மீளப் பெறலாம் என்ற எதிர்பார்ப்பே சாலைக்கு இசைவளிக்க அவர்களைத் தூண்டியது.

அப்போது சத்தர் சிங்குக்குப் பின் சியெமாகத் தெரிந்தெடுக்கப்பெற்றிருந்த திரோத் சிங் இளைஞர். சியெம்லியே குடியைச் சார்ந்தவர். ஸ்காட்டின் வேண்டுகோளுக்கு அவர் தாமே விடையளிக்கவில்லை; அவையைக் கூட்டினார். ஸ்காட்டைப் பற்றி ஆடம் ஒயிட் எழுதி 1832இல் வெளிவந்த நினைவுநூலில் இவ்வவை பற்றிய செய்தி உள்ளது. வில்லும் அம்பும் வாளும் தாங்கி வந்த தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசியதும், எதிர்ப்புரைகளுக்கும் முழுமையாக இடமளித்ததும், ஒழுங்கு குன்றாமல் வாதம் நடந்ததும் ஆங்கிலேயரை வியக்கச் செய்தன. இரண்டு நாள் ஆராய்ந்த பின்னரே அவை இசைந்தது. வியந்தவர்கள், தாம் கண்டதன் பொருளை எவ்வளவு உணர்ந்தார்கள் என்பதே ஐயம். இசைவைத் தருகின்ற அவை, அதனைத் திரும்பப் பெறவும் வல்லது.

உடன்படிக்கையின் வாசகத்தை உற்றுநோக்க வேண்டும். உறவினர்களும் கீழ்த்தலைவர்களும் அவையில் கூடி வழங்கிய அறிவுரையோடும் இசைவோடும் திரோத் சிங் செயற்படுவதாக அதன் முகப்புரை கூறுகின்றது. அதே முகப்புரை, அவர் தாமே விரும்பிக் கும்பினிக்கு அடங்கியவராகித் தம் நாட்டை அதன் பாதுகாப்பில் வைத்ததாகவும் கூறுகின்றது. அடுத்துவரும் கூறுகள், கும்பினிப் படைகள் தடையின்றிச் சென்றுவர இசைவதையும், விலை பெற்றுக்கொண்டு சாலைக்கு வேண்டிய பொருள்களைத் தருவதையும் பேசுகின்றன. பழைய வழக்கப்படி ஆள்வதற்கு உள்ள உரிமையில் கும்பினி தலையிடாது என்ற உறுதிமொழியும் உண்டு. ஒரே ஆவணத்தில் இரண்டு அரசியற் கோட்பாடுகள் அருகருகே இருக்கின்றன: அவையின் இசைவு ஒருபுறம், நாட்டை ஒப்படைக்கும் ராஜா மறுபுறம்.

இவ்வாவணம் காசி மொழியில் எழுதப்பட்டதன்று. செராம்பூர்ப் பாதிரிமார் வங்காள எழுத்தில் காசி மொழிபெயர்ப்பை அச்சிட முயன்ற காலம் அது. அவர்களது புதிய ஏற்பாடு 1831இல்தான் வெளியாயிற்று. மலைநாட்டு அவைகளில் எழுத்து வழங்கவில்லை. சொல்லே அங்கு ஆவணம். 'அடங்கியவராதல்' என்ற கருத்து எந்தக் காசிச் சொல்லால் அவையினருக்கு விளக்கப்பட்டது என்பதை இன்று எவரும் அறிய வழியில்லை. அவையினர் விவாதித்தது சாலையைப் பற்றியும் துவாரைப் பற்றியும்தான். ஸ்காட்டின் பெட்டியில் சென்று சேர்ந்ததோ ஒரு நாடு.

1829 முதல் 1833 வரை

முதலிரண்டு ஆண்டுகள் இணக்கமாகவே கழிந்தன. சாலை வேலை நடந்தது. நொங்க்லாவில் ஆங்கிலேயர் தங்கும் மனைகள் எழுந்தன. 1828 இறுதியில் துவார் பற்றிய பூசல் முற்றியது. ரானிப் பகுதித் தலைவர் பலராம் சிங் திரோத் சிங்கின் உரிமையை எதிர்த்தார். உரிமையை நிலைநாட்டச் சென்ற திரோத் சிங் கும்பினியின் துணையை எதிர்பார்த்தார். ஆனால் சிப்பாய்கள் அவர் வழியை மறித்து நின்றனர். உடன்படிக்கையில் அவர் நாட்டார்க்குப் பயன் தரவேண்டிய பகுதி இவ்வாறு பயனற்றுப் போயிற்று.

அடுத்து வந்தது வரி பற்றிய பேச்சு. மலையையும் அடக்கி வரி விதிக்கப் போகின்றனர் என்று கும்பினியின் சேவகன் ஒருவன் கூறியதாகச் செய்தி பரவியது. இதனை வெறும் வதந்தி என்று ஆங்கில அலுவலர்கள் ஒதுக்கினர். பின்வந்த வரலாற்றாசிரியர் சிலரும் அவ்வாறே எழுதினர். தம் சியெமே நிலவரி கேட்டறியாத மக்களிடம் இச்செய்தி எத்தகைய கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. வரி கொடுப்பது செலவு மட்டுமன்று; நிலம் பிறனுடையது என்று ஒப்புக்கொள்வதாகும். சமவெளியில் அசாமிய உழவர்கள் கும்பினிக்கு வரி செலுத்துவதைச் சந்தைகளில் இறங்கும் காசியர் நேரிலேயே கண்டிருந்தனர்.

திரோத் சிங் மீண்டும் அவையைக் கூட்டினார். ஆங்கிலேயர் நொங்க்லாவை விட்டு நீங்க வேண்டும் என்பது முடிவு. அது பொருட்படுத்தப்படவில்லை. 1829 ஏப்ரல் 4ஆம் நாள் காசிப் படையினர் நொங்க்லாவிலிருந்த ஆங்கிலேயரைத் தாக்கினர். லெப்டினன்ட் பெடிங்பீல்டு பேச்சுக்கு அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். லெப்டினன்ட் பர்ல்டன் சிப்பாய்களோடு எதிர்த்து நின்று, பின் குவாகாத்தி நோக்கிப் பின்வாங்குகையில் உயிரிழந்தார். சிப்பாய்களும் பணியாளர்களும் பலர் மாண்டனர். சில நாட்களுக்கு முன்னரே சிரபுஞ்சிக்குச் சென்றுவிட்டதால் ஸ்காட் தப்பினார். பேச்சுக்கு அழைத்துக் கொன்ற செயலை நியாயப்படுத்தல் இயலாது. ஆயின், ஆங்கில ஆவணங்கள் இந்நாளை 'நொங்க்லாவ் படுகொலை' என்ற பெயரால் மட்டும் குறித்து, முன்பு நடந்த அவை முடிவைப் பேசாது விடுவதும் முழு வரலாறு ஆகாது.

ஆங்கிலப் படை ஊரை விரைவில் கைப்பற்றிவிட்டது. ஆனால் போர் முடியவில்லை. குகைகளும் காடுகளும் நிறைந்த மலைகளில் வில்லேந்திய சிறு குழுக்கள் நாலாண்டுக் காலம் போரிட்டன. ஷில்லாங் நாட்டு சியெம் போர் மாணிக் முதலிய பிற தலைவர்களும் பகையில் சேர்ந்து, ஒருவர் பின் ஒருவராக அடங்கினர். 1831 ஆகஸ்டில் ஸ்காட் சிரபுஞ்சியில் இறந்தார். ராபர்ட்சன் அவரிடத்திற்கு வந்தார். துப்பாக்கியினும் வலிய கருவியாக அமைந்தது சந்தை மறியல். அடிவாரச் சந்தைகள் அடைபட்டபோது, மலையின் உணவும் சியெமின் வருவாயும் ஒருங்கே அற்றன.

உடன்பாட்டுப் பேச்சு 1832இல் நடந்தது. கைரிம் நாட்டு சியெம் சிங் மாணிக் இடைநின்றார். திரோத் சிங் உயிருக்கு உறுதி அளிக்க ஆங்கிலேயர் இசைந்தனர். அவரை மீண்டும் சியெமாக்க இசையவில்லை. 1833 ஜனவரி 13ஆம் நாள் நாரங்கிர்தெம் என்னுமிடத்தில் அவர் சரணடைந்தார். டாக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கேயே காவலில் இருந்து 1835 ஜூலை 17ஆம் நாள் மறைந்தார். இவ்விறுதி நாள் நெடுங்காலம் ஐயத்துக்கிடமாகவே இருந்தது. பழைய நூல்களில் வேறு ஆண்டுகளும் காணப்படும். பிற்கால ஆவண ஆய்வே இந்நாளை நிலைநாட்டியது. மேகாலய அரசு அதனைத் திரோத் சிங் நாளாகக் கடைப்பிடித்து விடுமுறை அளிக்கின்றது.

தெரிவு நியமனமான வரலாறு

1834 மார்ச்சு 29ஆம் நாள், திரோத் சிங்கின் மருமகன் ராஜன் சிங் நொங்க்லாவின் தலைமையில் அமர்த்தப்பட்டார். உறவுமுறை காசி வழக்கத்துக்கு ஒத்ததே. உடன்பிறந்தாள் மகனுக்கே பதவி சென்றது. ஆனால் அமர்த்தியவர் யார் என்பதே கருதத்தக்கது. பிறப்புரிமை அப்படியே நிற்க, தெரிவுரிமை கைமாறியது. இம்முறை சாலை பற்றிய இசைவு இரண்டு நாள் வாதத்தின் பயனன்று. பதவிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 1835இல் சிரபுஞ்சியில் காசி மலைகளுக்கென அரசியல் முகவர் பதவி ஏற்பட்டு, கேப்டன் லிஸ்டர் அதனை வகித்தார்.

பின்னர் ஆங்கில ஆட்சியாளர் காசி நாடுகளை இருவகைப்படுத்தினர். சிரா, கைரிம், நொங்ஸ்டொயின், லங்ரின், நொங்ஸ்பங் ஆகிய ஐந்தும் அரைச் சுதந்திர நாடுகள், ஏனையவை சார்புநாடுகள். போரிட்டு வீழ்ந்த நொங்க்லாவ் இரண்டாவதில் சேர்ந்தது. புதிய சியெம் ஒவ்வொருவரும் 'சனத்' எனும் பட்டயம் பெற்றுப் பதவியேற்கும் முறை வளர்ந்தது. அப்பட்டயம் அரசு ஏற்றாலன்றித் தெரிவு செல்லாது என்றது. தவறிழைத்தால் நீக்கலாம் என்றது. கனிமம், காடு, யானை முதலியவற்றின் வருவாயில் அரசுக்குப் பங்கும் கோரியது. இங்கே ஒரு முரண் கவனத்துக்குரியது. தம் நாட்டு வழக்கப்படி சியெமுக்கே உரியவை அல்லாத காடும் கனிமமும், சியெமின் கையொப்பத்தால் அரசுக்குப் பங்குடையனவாயின. 'ராஜா' என்ற மொழிபெயர்ப்பின் முழுப்பயனும் விளைந்த இடம் இதுவே எனலாம். போர்க்களத்தில் இழந்ததை விடப் பட்டயத்தில் இழந்தது மிகுதி.

சொல்லின் பொருள் மாற்றத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1841இல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்சு நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் காசி மொழிக்கு உரோமன் எழுத்தை அமைத்தார். அவ்வெழுத்தில் வளர்ந்த விவிலிய மொழிபெயர்ப்பில் தாவீது, சாலமோன் முதலிய மன்னர்கள் 'சியெம்' ஆயினர். இறையரசு கடவுளின் 'ஹிமா' ஆயிற்று. மொழிபெயர்ப்பாளருக்கு வேறு வழியில்லை. எனினும், மலைநாட்டு இளைஞர் எழுத்தறிவு பெற்ற அந்நூலின் பக்கங்களில், திருநிலைப்படுத்தப்பட்டு, வரி தண்டி, மகனுக்கு நாட்டைக் கொடுக்கும் ஒருவர் சியெம் எனப்பட்டார். ஆங்கில அலுவலர் வெளியிலிருந்து ஏற்றிய பொருள், மொழியின் உள்ளேயும் இடம்பிடித்தது.

1947க்குப் பின்

விடுதலையின்போது காசி நாடுகள் 25. பெரும்பாலானவற்றில் சியெம்களும், சிலவற்றில் லிங்தோக்களும் சிர்தார்களும், ஷெல்லாவில் வகததார்களும் தலைமை வகித்தனர். 1947 டிசம்பர் 15 முதல் அந்நாடுகள் இந்தியாவுடன் சேரும் ஆவணங்களில் கையெழுத்திட்டன. தயங்கி நின்ற நொங்ஸ்டொயின் 1948 மார்ச்சில் இசைந்தது. அந்நாட்டு சியெமின் மருமகன் விக்ளிப் சியெம் இதனை ஏற்காது கிழக்குப் பாகிஸ்தான் சென்று, இறுதிவரை திரும்பவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணை இந்நாடுகளை ஐக்கிய காசி-ஜெயந்தியா மலை மாவட்டத்துள் அடக்கியது. 1952இல் மாவட்ட மன்றம் அமைந்தது. தலைவர்களையும் ஊர்த்தலைவர்களையும் நியமித்தல், அவர்தம் வழியுரிமை ஆகியன பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தை அட்டவணையின் மூன்றாம் பத்தி அம்மன்றத்துக்கு வழங்கியது. 1959இல் அதற்குரிய சட்டமும் நிறைவேறியது.

இதன் விளைவைத் தெளிவாகக் காட்டிய வழக்கு நொங்க்லாவிலிருந்து வந்ததன்று. அண்டை நாடாகிய மிலியெமிலிருந்து வந்தது. ஷில்லாங் நகர்க்கு நிலம் தந்த நாடு அது. மாவட்ட மன்றம் தம்மைப் பதவிநீக்க நடவடிக்கை எடுத்ததை எதிர்த்து, அந்நாட்டு சியெம் ஜோர்மாணிக் வழக்குத் தொடர்ந்தார். உயர்நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்த்தது. 1960இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அரசியலமைப்பு வந்தபின் சியெம் என்பவர் ஆளும் அரசர் அல்லர், மாவட்ட மன்றத்தின்கீழ் அமைந்த நிருவாக அலுவலரே. நியமிக்கும் அதிகாரம் நீக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கும் என்பது தீர்ப்பின் சாரம். ராஜாவல்லர் என்று நீதிமன்றம் கூறியது வரலாற்று நோக்கில் சரியே. ஆனால் ராஜாவல்லாதவர் அலுவலராகத்தான் இருக்க வேண்டும் என்பது, 1826இல் ஸ்காட் செய்த பிழையின் மறுபக்கம். அவையால் தெரியப்பட்டு அவைக்கே பொறுப்பான தலைவர் என்ற மூன்றாவது பொருள் இரண்டு இடத்திலும் விடுபட்டுப் போயிற்று.

1972 ஜனவரி 21இல் மேகாலயம் முழுநிலை மாநிலமாயிற்று. மாவட்ட மன்றங்கள் தொடர்ந்தன, ஹிமாக்களும் தொடர்ந்தன. நொங்க்லாவ் ஹிமாவின் முதன்மை ஊராக இன்று விளங்குவது மைராங். 2021 நவம்பரில் உருவான கிழக்கு மேற்கு காசி மலை மாவட்டத்துக்குத் தலைமையிடமும் அதுவே. மக்கள் திரோத் சிங்கை நினைவு கூர்வதும் அங்கேதான். சியெமும் மிந்த்ரிகளும் அவை கூடுகின்றனர், நிலப்பூசல்களை விசாரிக்கின்றனர், சந்தைகளில் க்ரொங் தண்டுகின்றனர்.

காசி மொழியில் தெரிந்தெடுத்தலுக்கு 'ஜியெட்' என்றும், பணியில் அமர்த்துதலுக்கு 'துங்' என்றும் வினைகள் உள்ளன. துங் என்பதன் அடிப்பொருள் மரத்தையோ செடியையோ நடுதல். புதிய சியெமைக் குடிகள் தெரிவு செய்வது ஜியெட்; மாவட்ட மன்றம் அதனை ஏற்று ஆணை வழங்குவது துங். ஒரே மனிதர்க்கு, ஒரே பதவிக்கு, இரண்டு வினையும் இப்போது வேண்டியிருக்கின்றன. எது முந்தியது, எது செல்லுபடியாவது என்பதில்தான் ஹிமாக்களில் வழியுரிமைப் பூசல் எழும்போதெல்லாம் வழக்கு நடக்கின்றது.